அவர் பச்சை வெங்காயம் தின்ற காலம்

அன்று மாலை வேலை முடிந்து வந்த என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். அவர் போட்டிருந்த பேண்ட் அவருடையது இல்லை.

நிறம் என்னவோ அதே சாம்பல்தான். அவர் கம்பெனியில் எல்லோருக்கும் கொடுக்கிற சீருடை. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் துணிகளை மேசைமேல் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பொத்தான் ஆடுகிறது என்று பார்த்து ஒதுக்குவதுதான் நாள் முழுக்க என் பிழைப்பு. அவருடைய பேண்டுகளுக்குக் கால் மடித்துத் தைத்தவளும் நான்தான். இந்தப் பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. இடுப்பு தொளதொளவென்று இருந்ததை பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பின்பக்கம் பெல்ட் நுழைகிற பட்டி ஒன்று அறுந்து, யாரோ கறுப்பு நூலால் கைத்தையல் போட்டிருந்தார்கள்.

“இது யார் பேண்ட்?” என்றேன்.

“ஆயில் கொட்டிடுச்சும்மா. ஸ்டோர்ல கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன்.”

“அப்ப உங்க பேண்ட்?”

“அது கிழிஞ்சும் போச்சு. அங்கேயே போட்டுட்டேன்.”

இதைச் சொல்லும்போதே அவர் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். வந்ததும் காபி கேட்கிற மனிதர். அன்று காபியும் கேட்கவில்லை, டிவியையும் போடவில்லை. குளித்துவிட்டு வந்து பால்கனியில் போய் நின்றுகொண்டார். கழற்றிய பேண்டை அவரே துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் தன் கைக்குட்டையைக்கூட அலசியதில்லை.

ஸ்டோரில் புதுத் துணிதான் கொடுப்பார்கள். கறுப்பு நூலால் ஒட்டுத்தையல் போட்ட துணியைக் கொடுக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய்யைச் சொன்னார் என்பதுதான் என்னைக் குடைந்தது. என்னிடம் வேறு நல்ல பொய்யாகப் பார்த்துச் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை இல்லை என்றால், விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு ஒன்றில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் ஊர் விருதுநகர்ப் பக்கம். அவர் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் எதை மறைக்கிறார்கள், எதைச் சும்மா சொல்லாமல் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் கம்பெனியில் மருத்துவ முகாம் வைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். நான் அவரை இழுத்துக்கொண்டு எங்கள் பகுதியில் இருக்கிற டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மறுபடியும் சோதித்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்டவுடன். முதலில் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவரே, “காலைச் சாப்பாடு கேன்டீன்லதானே, நானே பையில வச்சுக்கறேன். ராத்திரியும் நானே போட்டுக்கறேன், விடு” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பேண்ட் மாறி வந்த அந்த வாரத்தில்தான் வீட்டுக்குள் வெங்காயம் வர ஆரம்பித்தது.

வெங்காயம் இல்லாத வீடு ஏது என்று நினைக்கலாம். இது அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கீழே போய், தள்ளுவண்டியில் ஒரு பெரிய பை நிறையச் சின்ன வெங்காயம் வாங்கி வந்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய உரித்தார். உரித்ததை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். மறுநாள் காலை பல் துலக்கியதும் வெறும் வயிற்றில் ஒரு கைப்பிடி எடுத்து, நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றார். முகம் சுருங்கியது. ஆனாலும் விடாமல் மென்றார்.

“என்னங்க இது?”

“சுகருக்கு நல்லது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணும். கொழுப்பைக் கரைக்கும். இதயத்துக்கும் நல்லதாம்.”

“யார் சொன்னா?”

அவர் போனை எடுத்து நீட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் கையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். எலும்பு பலமாகும், முடி கொட்டாது, சளி பிடிக்காது, தூக்கம் நன்றாக வரும், ஆண்மைக்கும் நல்லது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நான் அந்த ஆளின் கோட்டைப் பார்த்தேன். தோளில் தையல் சரியில்லை. காலர் நிற்கவே இல்லை. நாடகக் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த மாதிரி இருந்தது.

“இவ்வளவும் வெங்காயம் செய்யும்னா, தினம் சாம்பார்ல போட்டுத் திங்கறோமே, உங்களுக்கு ஏன் சுகர் வந்துச்சு?” என்று கேட்டேன்.

“வேக வச்சா சத்துப் போயிடும்” என்றார். இந்தப் பதிலும் அந்த வீடியோவில் இருந்திருக்க வேண்டும்.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “அப்பா, நீங்க முன்னாடி கதவு வழியா ஏறினா பஸ்ல பாதிப் பேர் பின்னாடி கதவு வழியா இறங்கிடுவாங்க.”

அவர் சிரித்தார். பேண்ட் விவகாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வெங்காய நாற்றம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. வாய், வியர்வை, தலையணை உறை, எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. காலையில் மட்டும் இல்லை, மாலையில் வீடு திரும்பும்போதும் புதிதாகத் தின்ற வாசனை அடித்தது. காலையில் தின்றது மாலைவரை அவ்வளவு பச்சையாகவா வீசும்? எனக்கு அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. கல்யாணமான புதிதில் அவர் சிகரெட் பிடிப்பார். வீட்டுக்குள் நுழையும் முன் ஏலக்காயையோ கிராம்பையோ வாயில் போட்டு மென்றுகொண்டு வருவார். ஏலக்காய் வாசனை வந்தால் சிகரெட் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். மகள் பிறந்தபிறகு அதை விட்டுவிட்டார். இப்போது ஏலக்காயெல்லாம் எனக்குத் தெரிந்த தந்திரம். வெங்காயத்தை யார் சந்தேகப்படுவார்கள்? அதுவும் சுகருக்கு நல்லது என்று சொல்லிவிட்டால்?

அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இயந்திர எண்ணெய், வியர்வை, வெங்காயம். சிகரெட் இல்லை. பையைத் துழாவினேன். சாப்பாட்டு டப்பா, குடை, வெங்காயம் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கவர். அடியில் மாத்திரை அட்டை இருந்தது. அதில் கொஞ்சம் மாத்திரைகள் குறைந்துதான் இருந்தன. அதனால் அந்தப் பக்கம் என் மூளை போகவே இல்லை. சட்டைக் காலரில் வேறு எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்தேன். எதற்காகப் பார்த்தேன் என்று கேட்டால் வெளியே சொல்ல முடியாத காரணம்தான்.

தள்ளுவண்டிக்காரம்மாவுக்கும் எங்கள் வீட்டு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் கீரை வாங்கப் போனபோது கேட்டாள்.

“இன்னாம்மா, ஊட்ல மெஸ்ஸு கிஸ்ஸு வச்சிருக்கியா? உன் ஊட்டுக்காரரு வந்தாருன்னா வெங்காயம் மொத்தத்தையும் அள்ளிகினு பூடுறாரு.”

“சுகருக்காம்” என்றேன்.

“அய்ய, நல்லதாம்மா. அல்லாருந்தான் சொல்றாங்க. ஆனா அந்தாளு வாங்கும்போது மூஞ்சியப் பாத்தியா? ஏதோ பிராத்தன மாரி வாங்குறாரு.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் படியேறும்போது அதையே நினைத்துக்கொண்டு ஏறினேன். பிரார்த்தனை செய்கிற அளவுக்கு என்ன நடந்தது?

அதற்கு அடுத்த வாரம் எனக்குச் சீக்கிரம் வேலை முடிந்தது. ஷேர் ஆட்டோவில் வரும்போது, எஸ்டேட் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடை ஓரமாக அவர் நிற்பதைப் பார்த்தேன். கூட ஒருவர் இருந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். என் கணவரோடு ஒரே மெஷின் வரிசையில் வேலை செய்கிறவர், அயனம்பாக்கத்துக்காரர். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்தில் அந்த வயல்களில் கூலி வேலை பார்த்த குடும்பம். இப்போது வீட்டில் எல்லோரும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அந்த நண்பர் பேண்ட் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து என் கணவர் கையில் வைத்தார். என் கணவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் என் கணவரின் தாடை நின்றுவிட்டது. நண்பர்தான் முதலில் பேசினார்.

“அட, அண்ணி! இன்னா இந்தாண்ட? நல்லா கீறீங்களா?”

“நல்லா இருக்கேன். என்ன சாப்பிடறீங்க?”

“வெங்காயம் அண்ணி, வேற இன்னா.” பாக்கெட்டிலிருந்து கவரை எடுத்துக் காட்டினார். உரித்த சின்ன வெங்காயம்தான். “நம்ம அண்ணாத்தேக்கு நான்தான் சொன்னேன். எங்க நைனாவுக்கு சுகரு எக்குத்தப்பா ஏறிகினு இருந்துச்சு. வெங்காயம் துன்ன ஆரம்பிச்சாரு, அப்டியே இறங்கிப் பூட்ச்சு. காலீல ஒரு கை, சாங்காலம் ஒரு கை. பேஜாரே இல்ல.”

“டீக்கடையில நின்னுதான் திங்கணுமா?”

“ஊட்டாண்ட வந்து துன்னா நீங்க நாறுதுன்னு சொல்றீங்களாமே” என்றார்.

என் கண் நண்பருடைய இடுப்புக்குப் போய்விட்டது. அவர் டீ கிளாஸை வைக்கத் திரும்பினார். பின்பக்கம் பெல்ட் பட்டியில் கறுப்பு நூலால் போட்ட கைத்தையல்.

எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த அதே பேண்ட். ஸ்டோரில் கொடுத்தார்களாம்!

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனதில் அதுவே ஓயாமல் ஓடியது. ஒரு ஆண்பிள்ளை இன்னொரு ஆண்பிள்ளையின் பேண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அதை மறைக்கிறார். அந்த இன்னொருவர் தினமும் இவருக்கு வாசனை மறைக்கிற பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறார். குடித்துவிட்டு எங்காவது விழுந்திருப்பார்களா? அடிதடியா? பேண்டில் ரத்தக் கறையா? மறுநாள் எங்கள் கம்பெனியில் என் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, அவள் இன்னும் மோசமாக ஒன்றைச் சொன்னாள். “அக்கா, பேண்ட் மாறுற இடம் எதுன்னு யோசிங்க.” அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது.

அன்று இரவு நேராகவே கேட்டுப் பார்த்தேன். “அந்தப் பேண்ட் அவரோடதுதானே?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “ஆமா.”

“அப்ப ஸ்டோர்னு ஏன் சொன்னீங்க?”

“ஏதோ சொன்னேன். விடேன்.”

“என்னத்தை விடறது?”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குமேல் அவள் எதிரில் கேட்க முடியவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. அவர் வெங்காயத்தை விடவில்லை, நான் வேவு பார்ப்பதை விடவில்லை. அவர் முன்பைவிட இளைத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. இரவில் அடிக்கடி தண்ணீர் குடித்தார். கேட்டால், “வெங்காயம் கொழுப்பைக் கரைக்குதுல்ல, அதான்” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து மகள், “அம்மா!” என்று கத்தினாள். ஓடினேன். அவர் சோபாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் வெங்காய டப்பா.

“எரியுது” என்றார். “நெஞ்சுக்குள்ள எரியுது.”

அதுவரை சேர்த்து வைத்திருந்த சந்தேகமெல்லாம் எங்கே போயிற்றோ, இந்த ஆள் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. மகள் கீழே ஓடி ஆட்டோ பிடித்தாள். நல்லவேளையாக டாக்டரம்மா கிளினிக்கில் இருந்தார். உடனே படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் முகத்திலும் ஏதாவது மறைப்பார்களோ என்று பார்க்கிற பழக்கம் எனக்கு.

“இதயம் நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க” என்றார். “காலைல என்ன சாப்பிட்டீங்க?”

“வெங்காயம்” என்றார் என் கணவர்.

“வெங்காயமா? எதுல?”

“எதுலயும் இல்ல. சும்மா. பச்சையா.”

நான் குறுக்கே புகுந்தேன். “காலையில வெறும் வயித்துல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. வாரக்கணக்கா இதே கதைதான் டாக்டர்.”

டாக்டரம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். “அதான் எரியுது. இது நெஞ்சு இல்ல, வயிறு. வெறும் வயித்துல இவ்வளவு பச்சை வெங்காயம் போட்டா சிலருக்கு அமிலம் மேல வந்துடும்.” குடிக்க மருந்து கொடுத்துவிட்டு, விரல் நுனியில் குத்தி சுகர் பார்த்தார். அந்தச் சின்ன மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தார்.

“மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?”

“போடறேன்.”

“ரெண்டு வேளையும்?”

“போடறேன் டாக்டர்.”

“போட்டும் இவ்வளவு இருக்கே” என்றார்.

எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. சட்டையை முகர்ந்தேன், பையைத் துழாவினேன், டீக்கடைவரை போனேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே வைத்தவள் நான். அதற்குப் பிறகு அவர் புது அட்டை எதுவும் வாங்கி நான் பார்த்ததே இல்லை.

“இவர் போடலை டாக்டர்” என்றேன். “எனக்குச் சந்தேகமா இருக்கு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா மகளைப் பார்த்து, “வெளிய கொஞ்சம் உட்காரும்மா” என்றார். அவள் போனதும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

“மாத்திரை போட்டா வயித்தால போகுதா?”

அவர் இரண்டு கைகளாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மாத்திரை நிறையப் பேருக்கு வயித்தைக் கலக்கும். ஆரம்பத்துலதான் ரொம்ப இருக்கும். வந்து சொன்னா மாத்திக் கொடுப்பேன். வெட்கப்பட்டுக்கிட்டு யாரும் சொல்றதில்லை, தானா நிறுத்திடறாங்க. நீங்களும் நிறுத்திட்டீங்களா?”

மெல்லத் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் உரிக்கும்போது நான் பார்த்த கண்ணீர் வேறு, இது வேறு.

டாக்டரம்மா திட்டவில்லை. வயிற்றுக்குள் மெதுவாகக் கரைகிற வேறு மாத்திரை எழுதினார். கொஞ்ச அளவில் ஆரம்பித்து, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று மட்டும். அப்போதும் கலக்கினால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றார். எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து என் கணவர் கேட்டார்.

“அப்ப வெங்காயம் சுகரைக் குறைக்காதா டாக்டர்?”

“வெங்காயம் நல்லதுங்க. நான் வேண்டாம்னு சொல்லலை. நார்ச்சத்து இருக்கு, குடலுக்கு நல்லது. உப்பும் எண்ணெயும் குறைச்சுச் சமைச்சாலும் சாப்பாட்டுக்கு ருசி கொடுக்கும். சுகருக்குக்கூட கொஞ்சம் உதவலாம்னு சொல்றாங்க. ஆனா அதை நம்பி மாத்திரையை விடற அளவுக்கு அது மருந்து இல்லை. சாப்பாட்டோட சாப்பிடுங்க, சாப்பாடா சாப்பிடுங்க.”

வெளியே வந்தோம். மகளை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, பக்கத்தில் அடைத்திருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தோம். தெருவைப் பார்த்தபடி அவரே பேசத் தொடங்கினார்.

“மாத்திரை போட்ட நாள்லேர்ந்தே வயிறு சரியில்ல. லைன்ல நின்னா மெஷினை விட்டுட்டு நம்ம இஷ்டத்துக்கு நகர முடியாது. மாத்து ஆள் வந்து நிக்கணும். ஒரு தடவை கேட்கலாம், ரெண்டு தடவை கேட்கலாம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சிரிக்கிறான், ‘என்ன சார், இன்னிக்கு எத்தனாவது’ன்னு.” செருப்பு நுனியால் மண்ணைக் கீறினார். “அன்னிக்குக் கையைத் தூக்கிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். யாரும் வரல. பாத்ரூம் கேன்டீனைத் தாண்டி அந்தக் கடைசியில. ஓடினேன். போய்ச் சேர முடியல.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“உள்ள போய் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு நின்னேன். இந்த வயசுல. என்ன பண்றதுன்னு தெரியல. அந்த அயனம்பாக்கத்துக்காரன் எப்படிக் கவனிச்சானோ, பின்னாடியே வந்திருக்கான். ஒரு வார்த்தை கேட்கல. லாக்கர்ல வச்சிருந்த அவன் பேண்டைக் கொண்டாந்து கதவுக்கு மேல போட்டான். வெளிய யாரோ வந்தப்போ, ‘உள்ள தண்ணி வரல, அந்தாண்ட போ’ன்னு விரட்டிவிட்டான். அதோட அந்த மாத்திரையைத் தொடல. அவன்கிட்ட மாத்திரை ஒத்துக்கலைன்னு மட்டும் சொன்னேன். அவன்தான் வெங்காயம் தின்னுங்க, எங்கப்பாவுக்குக் கேட்டுதுன்னான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் பொங்கியது. நின்று சிரித்த அந்த சூப்பர்வைசர் மீது, அந்த வெள்ளைக் கோட்டு ஆள் மீது, எல்லாவற்றையும்விட இவர் மீது.

“என்கிட்டச் சொன்னா என்ன? நான் என்னென்னவோ நினைச்சேன். சிகரெட்டுன்னு நினைச்சேன், குடின்னு நினைச்சேன், இன்னும் அசிங்கமாக்கூட நினைச்சேன்.”

“தெரியும். நீ சட்டையை மோந்து பாக்கறதை நான் பாத்திருக்கேன்.”

“தெரிஞ்சும் சொல்லலையா?”

“நீ சந்தேகப்பட்டாப் பரவாயில்லைன்னு இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டாத்தான் தாங்க முடியாதுன்னு தோணுச்சு.”

மகள் மருந்துப் பையோடு வருவது தெரிந்தது. நான் சட்டென்று எழுந்து, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டார்.

புது மாத்திரை வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. முதல் சில நாட்கள் அவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, “எப்படி இருக்கு?” என்று கண்ணாலேயே கேட்பேன். அவர் எரிச்சலோடு தலையாட்டுவார். அந்த எரிச்சல் எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்கிறவர்களுக்கு எரிச்சல் வராது, பணிவுதான் வரும் என்பது என் அனுபவம். வெங்காயத்தை நான் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காயோடு நறுக்கித் தயிரில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். எண்ணெயைக் குறைத்துக்கொண்டு சின்ன வெங்காயத்தை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தேன். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினேன். சாயங்காலம் அவரையும் இழுத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் அந்த நண்பரைச் சாப்பிட அழைத்தோம். அவர் வெறுங்கையோடு வராமல் ஒரு பை சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுக்குள் நடந்த பேச்சு அவருக்குத் தெரியாது. எனக்கு விஷயம் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்று என் கணவர் கெஞ்சிக் கேட்டிருந்தார். அதனால் நன்றி சொல்ல வழியில்லாமல், மீன் துண்டுகளாக எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

“போதும் அண்ணி, வயிறு வெடிச்சிரும்.”

“உங்கப்பா எப்படி இருக்கார்? வெங்காயம் சாப்பிட்டு சுகர் இறங்கிச்சுன்னு சொன்னீங்களே. மாத்திரையே போடறதில்லையா?”

“மாத்திரையா? அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்க அண்ணி. இப்ப ஊசிதான். காலீல ஒண்ணு, ராவுல ஒண்ணு. எங்கம்மா போட்டு வுடும்.”

“இன்சுலின் போடறாரா?”

“ஆமா அண்ணி.”

“அப்ப சுகர் இறங்கினது வெங்காயத்தாலயா, ஊசியாலயா?”

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “வெங்காயமும் துன்னுகினுதான கீறாரு” என்றார்.

என் கணவர் என்னைப் பார்க்காமல் குழம்பை ஊற்றிக்கொண்டார். மகள் இருமுவதுபோல் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே அவள் சிரிக்கிற சத்தம் கூடம்வரை கேட்டது.

டாக்டரம்மா சொன்ன இடைவெளி முடிந்ததும் என் கணவர் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். முடிவை வாங்க நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், வேலையிலிருந்து வரும் வழியில் தானே வாங்கி வருவதாகச் சொன்னார். அன்று மாலை வாசலிலேயே அந்தக் கவரை நீட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“இறங்கியிருக்கு. டாக்டரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. சொன்னேன்ல, வெங்காயத்துல ஒரு விஷயம் இருக்குன்னு.”

“மாத்திரைல இறங்கினது.”

“ரெண்டும்னு வச்சுக்கோயேன்.”

நான் கவரைப் பிரித்தேன். எண்ணைப் பார்க்கும் முன், மேலே இருந்த பெயர் அவருடையதுதானா என்று பார்த்தேன். வயது சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். தேதியையும் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. நிமிர்ந்தபோது அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன, நம்பலையா?”

“நம்பறேன்” என்றேன்.

அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. காபி மட்டும் கேட்டார்.